தாங்கும் வலையா? தள்ளிவிடும் பட்டியலா?

நலன்புரிச் சீர்திருத்தம் என்ற சொல் எமது நாட்டுக்குப் புதியதன்று. சுதந்திரத்தின் பின்னர் ஆட்சிக்கு வந்த அரசுகளில் பெரும்பாலானவை ஏதோவொரு வகையில் அதனைச் செய்திருக்கின்றன. கூப்பன் அரிசி, உணவு முத்திரை, ஜனசவிய, சமுர்த்தி, அஸ்வெசும எனப் பெயர்கள் மாறின. படிவங்கள் மாறின. உத்தியோகத்தர்களின் பதவிப் பெயர்களும் மாறின. ஆனால் கிராமத்து மக்கள் கேட்கும் கேள்வி மாத்திரம் மாறவில்லை: "இந்த முறை எங்கட பேர் இருக்கோ?"

அந்தக் கேள்வியிலேயே எமது நலன்புரிக் கொள்கையின் குறைபாடு அடங்கியிருக்கின்றது என நாம் கருதுகின்றோம். கயிற்றில் நடப்பவனுக்குக் கீழே விரிக்கப்பட்ட வலை, அவனது பெயர் பட்டியலில் உண்டா எனப் பார்ப்பதில்லை, விழுபவனைத் தாங்குகின்றது. 'சமூகப் பாதுகாப்பு வலை' என்ற தொடரும் இந்தப் பொருளிலேயே உருவானது. எமது நாட்டிலோ சீர்திருத்தம் என்று வரும்போதெல்லாம், எவரை விலக்குவது என்ற கணக்கே முதலில் போடப்பட்டு வந்திருக்கின்றது. எண்பது ஆண்டுகால அனுபவத்தைச் சற்றுத் திரும்பிப் பார்த்து, ஒரு பாதுகாப்பு வலையின் உரிய பணி யாது என்பதை இங்கு சிந்திக்க முற்படுகின்றோம்.

கூப்பன் அரிசி முதல் உணவு முத்திரை வரை

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 இல், அரிசிப் பங்கீடு ஆரம்பமானது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனமை அதற்கு முக்கிய காரணமாகும். யுத்தம் முடிந்த பின்னரும் பங்கீடு நீடித்தது. செல்வந்தருக்கும் ஏழைக்கும் ஒரே வகையான கூப்பன் கிடைத்தது. சங்கக்கடையில் வரிசையில் நின்ற எவரும் தாம் ஏழை என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கான செலவு அரசுக்குப் பெரும் சுமையாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கொரிய யுத்தகாலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறிச் சென்றது. இந்நிலையில் 1953 இல் டட்லி சேனநாயக்காவின் அரசு, பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரேயடியாக உயர்த்தியது. பாடசாலை மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி நடைபெற்ற ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று. சில வாரங்களில் பிரதமர் பதவி விலகினார்.

இந்நிகழ்விலிருந்து அரசியல்வாதிகள் கற்றுக்கொண்ட பாடம் 'அரிசியில் கை வைக்காதே' என்பதாகும். உண்மையில் கற்றிருக்க வேண்டிய பாடம் வேறு. மக்கள் சாய்ந்து நின்ற தூணை அகற்றுவதற்கு முன்னர், வேறொரு தூணை நாட்டியிருக்க வேண்டும் என்பதே அது.

1966 டிசெம்பரில் வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கீடு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரு கொத்து இலவசமாக்கப்பட்டது. 1970 களின் முற்பகுதியில் உலகெங்கும் உணவு விலை உயர்ந்தபோது பங்கீடு மேலும் சுருங்கியது. கிராமத்தில் ஒரு துண்டுக் காணி வைத்திருந்தவர் மரவள்ளியை நாட்டிச் சமாளித்தார். லயத்தில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு அதற்கும் நிலமில்லை. 1974 இல் தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. ஒரே தீவில், ஒரே ஆண்டில், வலை மெலிந்த இடத்திலேயே மனிதர் அதிகமாக மடிந்தனர்.

1978 இல் மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இலவச அரிசியிலிருந்து விலக்கப்பட்டன. 1979 செப்டெம்பரில் பங்கீட்டு முறையே நீக்கப்பட்டு உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையானோருக்கு 20 ரூபா, அதற்கு மேற்பட்டோருக்கு 15 ரூபா என்பது அதன் பெறுமதி. மண்ணெண்ணெய்க்கும் தனியாக முத்திரை வழங்கப்பட்டது. எல்லோருக்கும் கொடுப்பதை நிறுத்தி, உண்மையில் தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதே இதன் பின்னால் இருந்த நியாயம். கேட்பதற்கு இது சரியாகவே இருக்கின்றது.

ஆனால் நடந்தது என்ன? முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே இருக்க, கடையில் விலைகள் ஏறின. சில ஆண்டுகளுக்குள் முத்திரையின் உண்மைப் பெறுமதி ஏறத்தாழ அரைவாசியாயிற்று. மத்திய வங்கியின் நுகர்வு ஆய்வுகளின்படி, சனத்தொகையின் மிக வறிய ஐந்திலொரு பங்கினர் நாளொன்றுக்கு உட்கொண்ட உணவு 1978/79 இல் ஏறத்தாழ 1,300 கலோரியாக இருந்தது. 1981/82 இல் அது 1,200 கலோரிக்கும் கீழே இறங்கியது. எந்த அமைச்சரும் முத்திரையைக் குறைப்பதாக அறிவிக்கவில்லை. பணவீக்கம் ஓசையின்றி அந்த வேலையைச் செய்து முடித்தது. ஆகவே ஹர்த்தாலும் நடைபெறவில்லை.

இன்னொரு அநீதியையும் இங்கு குறிப்பிட வேண்டும். உணவு முத்திரைக்கான வருமானத்தைப் பெரும்பாலானோர் தாமே கூறினர். தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ தோட்டத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. இதனால் மறைக்க வழியில்லாத ஏழைகள் பெருமளவில் விலக்கப்பட்டனர். கணக்கில் வராத வருமானம் உடையவர்கள் பலர் உள்ளே புகுந்தனர்.

ஜனசவியவும் சமுர்த்தியும்: வலையும் ஏணியும்

1989 இல் ஜனாதிபதி பிரேமதாசா ஜனசவியத் திட்டத்தை ஆரம்பித்தார். தெரிவுசெய்யப்பட்ட குடும்பத்துக்கு 24 மாதங்களுக்கு மாதந்தோறும் 2,500 ரூபா ஒதுக்கப்பட்டது. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. 1,042 ரூபா சேமிப்புக்கு. இரண்டு ஆண்டு முடிவில் 25,000 ரூபா மூலதனமாகச் சேர்ந்திருக்கும். அதனைக் கொண்டு குடும்பம் சொந்தக் காலில் நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. 'ஜனசவிய' என்றால் மக்கள் வலிமை. ஏழையைக் கையேந்துபவனாக அன்றி ஆற்றல் உள்ளவனாக நோக்கிய அந்த எண்ணம் மதிப்புக்குரியது.

எனினும் இங்கு ஒரு குழப்பம் நேர்ந்தது. வலை ஒன்று, ஏணி வேறொன்று. வலை விழுபவரைத் தாங்குவது; ஏணி ஏறக்கூடியவரை மேலே கொண்டுசெல்வது. ஜனசவிய இரண்டையும் ஒரே கருவியாக்கி, அதற்கு 24 மாதக் கெடுவும் விதித்தது. தையல் தெரிந்த ஓர் இளம் தாய்க்கு அந்த 25,000 ரூபா ஏணியாக அமையலாம். எழுபது வயதில் தனித்து வாழும் ஆச்சி எந்தத் தொழிலை ஆரம்பிப்பார்? இருபத்தைந்தாம் மாதத்தில் அவருக்கு ஏணியும் இல்லை, வலையும் இல்லை.

1995 இல் சமுர்த்தி வந்தது. கிராமந்தோறும் சேமிப்பையும் சிறுகடனையும் கொண்டுசென்றதில் அதற்குப் பெரும் பங்குண்டு. வங்கி வாசலை மிதித்திராத பெண்கள் சமுர்த்தி வங்கியில் புத்தகம் வைத்திருந்தார்கள். ஆயினும் எவருக்கு உதவி என்பதைத் தீர்மானித்த இடத்தில் அரசியல் புகுந்தது. 2000 ஆம் ஆண்டில் உலக வங்கிக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, மிக வறிய ஐந்திலொரு பங்கினரில் ஏறத்தாழ 40 வீதமான குடும்பங்கள் சமுர்த்தி உதவியைப் பெறவில்லை என்றும், செலவிடப்பட்ட பணத்தில் 44 வீதமளவு நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களுக்குச் சென்றது என்றும் கண்டது. ஏழைகளுக்கு மட்டும் எனக் கூறப்பட்ட திட்டத்தின் நிலை இதுவாக இருந்தது. யுத்தம் நடைபெற்ற வடக்கின் பல பகுதிகளைச் சமுர்த்தி நெடுங்காலம் எட்டவேயில்லை. அங்கு இடம்பெயர்ந்தோர் உலர் உணவு நிவாரண அட்டையுடன் வாழ்ந்தனர். நிவாரணம் நின்றபோது அதன் இடத்தில் எதுவும் வரவில்லை. பின்னர் வாரக்கடன் கொடுக்கும் கம்பனிகள் வந்தன. நுண்கடனில் மூழ்கிய பெண்களின் கடனில் ஒரு பகுதியை 2018 இல் அரசே இரத்துச் செய்ய நேர்ந்தமை யாவரும் அறிந்ததே. வலை இல்லாத இடத்தில் கடன் வலையாக வேடமிட்டு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2022: முன்னரே வெட்டப்பட்ட கிளை

2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தையும், உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதத்தையும் தொட்டது. அரசிடம் பணமில்லை, விலைச் சலுகைகள் தொடர முடியாதவை ஆயின. இதனை நாம் விளங்கிக்கொள்கின்றோம். அரசு வங்குரோத்தாகும்போது முதலில் பட்டினி கிடப்பவர் ஏழையே. ஆகவே 'செலவைப் பற்றிப் பேசாதீர்கள்' என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம்.

எமது கேள்வி வரிசைமுறை பற்றியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அதே மாதத்தில் மின்கட்டணம் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் மீண்டும் உயர்த்தப்பட்டது. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ சிறு படகில் எஞ்சின் பூட்டித் தொழிலுக்குப் போகும் ஒருவர் நாளொன்றுக்கு 20 லீற்றர் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். 1,740 ரூபாவாக இருந்த அவரது எண்ணெய்ச் செலவு 6,800 ரூபாவாயிற்று. மீன் பட்டாலும் படாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாடு 2023 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்டது. அஸ்வெசும ஆரம்பமானதோ 2023 யூலையில். மண்ணெண்ணெய் விலையேற்றத்துக்கும் புதிய உதவித் திட்டத்துக்கும் இடையில் ஏறத்தாழப் பதினொரு மாதங்கள்.

இடைக்காலத்தில் சமுர்த்திப் பயனாளிகளுக்குத் தற்காலிக மேலதிகக் கொடுப்பனவுகள் வழங்கப்பட்டமை உண்மையே. ஆனால் சமுர்த்திப் பட்டியலில் இல்லாமல், 2022 இல் புதிதாக விழுந்தவர்கள் எத்தனை பேர்? கட்டட வேலை நின்றுபோன மேசன், பெற்றோல் வரிசையில் நாட்களைக் கழித்த முச்சக்கரவண்டிச் சாரதி, உரம் கிடைக்காமல் வயலைத் தரிசாக விட்ட விவசாயி ஆகியோர் 2019 இல் ஏழைகளாகக் கணிக்கப்படாதவர்கள். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2019 இல் இருந்ததைவிட வறுமை இருமடங்குக்கு மேலாகி, 2023 இல் நாட்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வறியவராயிருந்தார். நகையை அடகு வைத்தவர்களும், பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்தவர்களும், வள்ளத்தை விற்றவர்களும் அந்தப் பதினொரு மாதங்களிலேயே அவற்றைச் செய்தனர். விற்ற வள்ளம் பின்னர் வரும் எந்தக் கொடுப்பனவாலும் திரும்பி வருவதில்லை.

1953 இல் விட்ட அதே தவறு எழுபது ஆண்டுகளின் பின்னரும் விடப்பட்டது. கிளையை முதலில் வெட்டிவிட்டு, வலையைப் பின்னர் தேடினார்கள்.

இருபத்திரண்டு குறிகாட்டிகள்

அஸ்வெசும என்றால் ஆறுதல். 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள நல்ல அம்சங்களை முதலில் சொல்வதே நியாயம். பணம் நேரே வங்கிக் கணக்குக்குச் செல்கின்றது. எந்த அரசியல்வாதியின் கையாலும் வாங்க வேண்டியதில்லை. சமுர்த்திக் கொடுப்பனவைவிடத் தொகையும் கூடியது. 2023 இல் இடைநிலையில் உள்ளோர் எனப்பட்ட நான்கு இலட்சம் குடும்பங்களுக்கு 2,500 ரூபா, இலகுவில் பாதிப்படையக்கூடிய நான்கு இலட்சத்துக்கு 5,000 ரூபா, வறிய எட்டு இலட்சத்துக்கு 8,500 ரூபா, மிக வறிய நான்கு இலட்சத்துக்கு 15,000 ரூபா என நான்கு வகுதிகள் வகுக்கப்பட்டன. 2025 சனவரியில் கடைசி இரு வகுதிகளும் முறையே 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. பெயர் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

குறைபாடு வேறிடத்தில் இருக்கின்றது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பத்துக்குப் புள்ளி இடப்படுகின்றது. மின்சாரப் பாவனை, காணி, வாகனம், வீட்டின் நிலை என்பன போன்றவை கணக்கில் வருகின்றன. இவை பெரும்பாலும் ஒரு குடும்பம் நேற்று எப்படி இருந்தது என்பதைக் காட்டுபவை. இன்று என்ன நடந்தது என்பதைக் காட்டமாட்டா. வடக்கு கிழக்கில் யுத்தத்தின் பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 5,50,000 ரூபா மானியத்தில் பல்லாயிரம் கல்வீடுகள் கட்டப்பட்டன. கணவனை இழந்த ஒரு பெண், மானியம் போதாமல் கடனும் பட்டு, அத்தகைய வீடொன்றைக் கட்டி முடித்திருக்கலாம். சீமெந்துச் சுவரையும் ஓட்டுக் கூரையையும் பார்க்கும் படிவத்துக்கு அவரது கடன் தெரியாது. லயத்தின் ஒரே காம்பராவில் வாழும் தாயும் மகனும் மருமகளும் ஒரு குடும்பமா, இரண்டு குடும்பமா என்பதும் படிவத்துக்கு எளிதில் விளங்குவதில்லை. 2019 ஆம் ஆண்டின் அரச கணிப்பில் நாடு முழுவதிலும் வறுமை 14.3 வீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் 33.8 வீதமாகவும் முல்லைத்தீவு மாவட்டத்தில் 44.5 வீதமாகவும் இருந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். படிவம் தவறும் இடங்களும் வறுமை கூடிய இடங்களும் ஒன்றாகவே இருக்கின்றன.

இரண்டாவது குறைபாடு, எண்ணிக்கை முன்னரே தீர்மானிக்கப்பட்டமையாகும். 2023 இல் நான்கு வகுதிகளையும் கூட்டினால் 20 இலட்சம் குடும்பங்கள். இருபது இலட்சத்து ஓராவது குடும்பம் எவ்வளவு வறுமையில் இருந்தாலும் அதற்கு அப்போது இடமிருக்கவில்லை. ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வெளியே போகவேண்டியிருந்தது. 2023 யூனில் பட்டியல் வெளியானதும் பத்து இலட்சத்தை அண்மித்த மேன்முறையீடுகள் குவிந்தன. பட்டியலில் உள்ள ஒருவருக்கு எதிராக ஆட்சேபனை தெரிவிக்கவும் ஏற்பாடு இருந்தது. தகுதியற்றோரைத் தடுக்க இது உதவலாம். ஆனால் இடங்கள் மட்டுப்படுத்தப்பட்ட நிலையில் இதன் விளைவு என்ன? அயல் வீட்டில் புதிதாகக் குளிர்சாதனப் பெட்டி வந்ததா எனக் கவனிக்கும் நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டனர். அரிசியும் தேங்காயும் கைமாற்றாகப் போய்வந்த வேலிக்கு மேலால் சந்தேகம் போய்வரத் தொடங்கியது. கிராமத்தில் அரசு விரிக்கும் வலைக்கு முன்னரே உள்ள வலை அயலவரின் உறவாகும். அதனை அறுத்துக்கொண்டு இன்னொரு வலையை விரிப்பதில் இலாபமில்லை.

"சோம்பேறிகளை உருவாக்குகின்றோமா?"

வசதி உள்ளோரிடையே மட்டுமன்றி, கிராமத்து மக்களிடையேயும் அடிக்கடி எழும் கேள்வி இது. தங்கிவாழும் மனப்பான்மை பற்றிய கவலையை நாம் இலேசாகத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. நிவாரணத்தையே வாழ்வாக்கிக்கொண்ட சிலரை எல்லோரும் அறிவர். ஆயினும் கணக்கையும் பார்ப்போம். 2023 இல் வறிய வகுதிக்கு வழங்கப்பட்ட 8,500 ரூபாவை நால்வர் கொண்ட குடும்பத்துக்குப் பங்கிட்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 71 ரூபா வரும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வறுமைக் கோடு 2019 இல் ஒருவருக்கு மாதம் 6,966 ரூபாவாக இருந்து, 2023 இறுதியில் 17,000 ரூபாவை அண்மித்தது. அதாவது நால்வருக்கும் சேர்த்துக் கிடைத்த உதவி, ஒரேயொருவர் வறுமைக் கோட்டில் வாழத் தேவையான தொகையில் பாதியே. இதைக்கொண்டு எவர் சோம்பியிருக்க முடியும்?

தங்கிவாழும் மனப்பான்மையை வளர்ப்பது பெரும்பாலும் கொடுக்கப்படும் முறையே. இருநூறு ரூபா கூடுதலாக உழைத்தால் முழுக் கொடுப்பனவும் நின்றுவிடும் என்றால், ஓர் ஏழை தயங்குவது சோம்பல் அன்று, கணக்கு. ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று அஞ்சுபவர், மீன் விற்கச் சைக்கிளிலேயே போவார். ஏணியில் முதற்படி வைத்தவனிடமிருந்து உடனே வலையை இழுத்தால், அவன் ஏணியில் கால் வைக்கவே அஞ்சுவான்.

அரசின் ஓய்வூதியம் பற்றி எவரும் இப்படிக் கேட்பதில்லை. அரச ஊழியரின் ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் செலவாகும் பணம், வறிய குடும்பங்களுக்கான கொடுப்பனவைவிட அதிகம். உழைத்தவர் முதுமையில் மதிப்புடன் வாழ்வது நியாயமே. அந்த நியாயம் வயலிலும் கடலிலும் தேயிலை மலையிலும் உழைத்தவருக்கும் உரியதல்லவா? 1987 இல் விவசாயிகளுக்கும் 1990 இல் மீனவர்களுக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் கீழ் கிடைக்கும் தொகையை ஓர் அரச ஊழியரின் ஓய்வூதியத்துடன் எவரும் ஒப்பிடமாட்டார். மேலும் ஏழை வரி செலுத்துவதில்லை என்பதும் தவறு. 2024 சனவரியில் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியைச் சவர்க்காரம் வாங்கும் எந்த ஏழையும் செலுத்துகின்றார்.

வலைக்குக் கீழே உள்ள தரை

பாதுகாப்பு வலை எல்லாவற்றையும் செய்துவிடாது. அதற்குக் கீழே உறுதியான தரை இருக்கவேண்டும். 1945 இல் வந்த இலவசக் கல்வியும், 1950 களிலிருந்து விரிவடைந்த இலவச வைத்தியமும், 1973 முதல் கிளினிக்குகளில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷவும் அத்தகைய தரையாகும். 1940 களின் நடுப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 140 பேரளவில் ஒரு வயதுக்குள் இறந்தனர். 2010 களில் அத்தொகை பத்துக்கும் குறைந்திருந்தது. இதைச் சாதித்தது எந்த வறுமைப் பட்டியலும் அன்று. எல்லோருக்கும் பொதுவாகத் திறந்திருந்த ஆஸ்பத்திரியும் பாடசாலையும் அதில் முதன்மையான பங்கை வகித்தன.

'தேவையுள்ளோருக்கு மட்டும்' என்ற பேச்சு இந்தத் தரையையும் தோண்ட முற்படும்போது நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுக்கப்படும் நாளில், கொடுப்பனவு முழுவதும் ஒரே கடையில் முடிந்துவிடும். பணக் கொடுப்பனவு பொதுச் சேவைக்கு மாற்றீடு ஆகாது.

உரிய பணி யாது?

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து ஐந்து அளவுகோல்களை முன்வைக்கின்றோம். வருங்காலத்தில் எந்தப் பெயரில் திட்டம் வந்தாலும் இவற்றைக் கொண்டு அதனை அளந்து பார்க்கலாம்.

1. காலம்: சலுகையை நீக்கும் நாளுக்கு முன்னரே மாற்று உதவி கைக்கு வந்திருக்க வேண்டும். பின்னர் வரும் உதவி இழப்பை ஈடு செய்யாது.

2. அளவு: கொடுப்பனவு விலைவாசியோடு தானாக உயரவேண்டும். அமைச்சரின் தீர்மானத்துக்காகக் காத்திருக்கும் உதவி, உணவு முத்திரையைப் போலவே தேய்ந்துவிடும்.

3. உரிமை: தகுதி உள்ளவர் எத்தனை பேராயினும் அத்தனை பேருக்கும் கிடைக்கவேண்டும். மறுக்கப்பட்டால், எந்தக் காரணத்தால் என்பது அவரது மொழியில் எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். மேன்முறையீட்டுக்குக் குறித்த நாட்களுக்குள் பதில் கிடைக்கவேண்டும்.

4. பிரித்தறிதல்: முதியோர், மாற்றுத்திறனாளிகள், நீண்டகால நோயாளர் ஆகியோரிடம் 'எப்போது சொந்தக் காலில் நிற்பாய்?' எனக் கேட்கலாகாது. அவர்களுக்கு வலையே நிரந்தரம். உழைக்கக்கூடியவருக்கு வலையுடன் ஏணியும் வேண்டும்.

5. படிப்படியான விலகல்: வருமானம் உயர்ந்தால் உதவி சிறிது சிறிதாகக் குறையவேண்டும். முன்னேற்றத்துக்குத் தண்டனை விதிக்கலாகாது.

கிராமத்தில் நாம் செய்யக்கூடியவை

கொள்கை கொழும்பில் வகுக்கப்பட்டாலும் அதன் நன்மையும் தீமையும் கிராமத்திலேயே தீர்மானமாகின்றன. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றால் செய்யக்கூடிய காரியங்கள் பல உள்ளன.

முதலாவது, பத்திரங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்பு, விவாகப் பத்திரங்கள், வங்கிக் கணக்கு ஆகியவை இல்லாதவர் எத்தகைய ஏழையானாலும் திட்டத்துக்குக் கண்ணில் படமாட்டார். இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்தவர்கள் இன்றும் உள்ளனர். இத்தகையோரை இனங்கண்டு, பிரதேச செயலகத்துக்குக் கூட்டிச்சென்று காரியத்தை முடித்துக் கொடுக்க ஓர் இளைஞர் குழு போதுமானது.

இரண்டாவது, மேன்முறையீடு. எழுதத் தெரிந்தவரின் மேன்முறையீடே வெல்கின்றது என்ற நிலை இருக்கலாகாது. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் மாதத்தில் ஒரு பிற்பகல் வாசிகசாலையில் அமர்ந்தால் பல குடும்பங்கள் பயன்பெறும்.

மூன்றாவது, கூட்டங்களுக்கு வராதவர்கள். மிக வறியவர் பெரும்பாலும் கூட்டத்துக்கு வருவதில்லை. அன்றைய கூலியை இழக்க அவரால் முடியாது. அவரைத் தேடிச் செல்வது எமது பொறுப்பு. இந்த ஆறு மாதத்தில் கிராமத்தில் புதிதாக விழுந்த குடும்பம் எது என்பதைச் சங்கம் அறிந்திருந்தால், கணக்கெடுப்பு வரும்வரை அக்குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காவது, ஆட்சேபனை. அயலவர் தகுதியற்றவர் எனக் கருதினால், படிவம் நிரப்ப முன்னர் அவர் வீட்டுக்குள் ஒருமுறை சென்று பாருங்கள். வாசலில் தெரியாதது உள்ளே தெரியலாம்.

கலந்துரையாடலுக்கு

இக்கட்டுரையைச் சங்கக் கூட்டங்களில் வாசித்துப் பின்வருவனவற்றைக் கலந்துரையாடலாம்.

• 2022 நெருக்கடியில் எமது கிராமத்தில் எவர் விழுந்தனர்? அவர்களைத் தாங்கியது எது: அரசா, உறவினரா, வெளிநாட்டுப் பணமா, கடனா?

• அப்போது விற்கப்பட்ட அல்லது அடகு வைக்கப்பட்ட தொழிற் சாதனங்களில் எவை இன்றுவரை திரும்பவில்லை?

• எமது கிராமத்தில் ஏணி தேவைப்படுவோர் யார்? வலை மட்டுமே தேவைப்படுவோர் யார்?

• பட்டியலில் பெயர் இல்லாத, ஆனால் இருக்கவேண்டிய ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னர் அக்குடும்பத்துக்காகப் பிரதேச செயலகத்துக்குச் செல்லப்போவது யார்?